பெயர் வெட்டாத கல்லோடு ஆறு நாள்

2025 ஜனவரி 20, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது. பத்தொன்பது டிகிரி. பனி இறங்கியிருந்ததால், விமான நிலைய வாசலில் வரிசையாக நின்ற டாக்சிகளில் முதல் நான்கு மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, 'மார்கரெட்' என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

வெளியே வந்த அம்மாள் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "மார்கரெட் என்பது பாஸ்போர்ட்டுக்கு மட்டும். மற்ற எல்லோருக்கும் நான் பெக்கி" என்றார்.

மார்கரெட்டிலிருந்து பெக்கிக்கு எப்படிப் போனார்கள் என்று அந்த நிமிடமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

என் மகனுக்கு ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் வேலை. பெண் எடுத்ததும் அங்கேயே. மருமகளின் அம்மாதான் பெக்கி, ஆகவே எனக்குச் சம்பந்தி. வயது எழுபத்தொன்று, என்னைவிட ஐந்து குறைவு. பெட்டி ஒன்று, பை இரண்டு, காகித உறைகள் பதினேழு கொண்டுவந்திருந்தார். அந்த உறைகளுக்காகத்தான் இந்தப் பயணமே.

விஷயம் இதுதான். அவருடைய அம்மாவின் பெரியம்மா ஒருவர், ஜெஸ்ஸி என்று பெயர், மில்லில் பாய்லர் பொருத்த வந்த கணவரோடு கோயம்புத்தூருக்கு வந்து, இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனாராம். கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பெக்கியின் அம்மா சாகும்போது, "நீயாவது போய் ஜெஸ்ஸிக்கு ஒரு கல் வை" என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். கல் தயார். இரண்டடிக்கு ஒன்றரை அடி, கறுப்பு கிரானைட். உக்கடம் பக்கத்தில் கல்வெட்டு வேலை செய்யும் ஆறுமுகத்திடம் மகன் சொன்னபடி நானே சொல்லி வைத்திருந்தேன். பெயர் மட்டும் வெட்டவில்லை. ஞாயிறு காலை பெக்கிக்கு விமானம். சனி மாலைக்குள் கல்லறை தெரிய வேண்டும். அதில் இருப்பது ஜெஸ்ஸிதானா என்றும் தெரிய வேண்டும்.

வேன் ஓட்டியது பழனிச்சாமி. கருமத்தம்பட்டிக்காரர், வயது அறுபத்தெட்டு, என்னோடு ஒரே மில்லில் வேலை பார்த்தவர். நான் முப்பத்து நான்கு வருடம் அங்கே டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதுதான் உத்தியோகம். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அதில் பழனிச்சாமிகள் மட்டும் முப்பத்தொன்பது பேர். அதற்காகத்தான் ஆளுக்கொரு டோக்கன் நம்பர். இவர் 618.

"ஏனுங்க சார், அம்மணிக்கு டோக்கன் குடுத்தாச்சுங்களா?" என்று வண்டியை எடுக்கும்போதே ஆரம்பித்தார் பழனிச்சாமி.

ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டில் காலைப் பலகாரம் சந்தகை என்கிற அரிசிச் சேவை, தேங்காய்ப்பால். பெக்கி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு மூன்று முறை வாங்கிக்கொண்டார். நான் டண்டீயில் மகன் வீட்டில் நாற்பத்தொரு நாள் இருந்தபோது முப்பத்தாறு நாள் உருளைக்கிழங்கு தின்றேன். அதைச் சொல்லிக் காட்டலாமா என்று நினைத்து, சம்பந்தி முறைக்காக விட்டுவிட்டேன்.

சாப்பிட்டதும் உறைகளை மேசைமேல் பரப்பினார். பிறப்புக் காகிதத்தில் ஜானெட். பள்ளிக்கூடக் காகிதத்தில் ஜெஸ்ஸி. கல்யாணக் காகிதத்தில் ஜீன்.

"மூன்று சகோதரிகளா?" என்றேன்.

"ஒரே பெண். எங்கள் ஊரில் ஜானெட்டை ஜெஸ்ஸி என்பார்கள், ஜீன் என்றும் எழுதுவார்கள். ஆக்னெஸை நான்சி என்பார்கள். என்னைப் பெற்றவளின் தாய் இசபெல்லா. ஆனால் வீட்டில் பெல்லா. ஜெஸ்ஸியின் தங்கை அவள்தான்."

"எழுதும் குமாஸ்தா கேட்க மாட்டாரா?"

"அவருக்கும் இது தெரியுமே. அதனால் கவலைப்படாமல் எழுதினார்."

அவர்கள் எல்லோரும் படாத கவலையையும் சேர்த்து அன்று நான் பட்டேன். ஆனால் அவர் சொன்ன ஒன்று மனதுக்குப் பிடித்தது. அங்கேயும் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரைத்தான் வைப்பார்களாம். இதைக் கேட்டதும் சொந்தம் கொஞ்சம் நெருங்கியது போலிருந்தது.

சிக்கல் என்னவென்றால், டண்டீயில் நான்சி என்று இவருக்கு ஒரு பெரியம்மா மகள் இருக்கிறார். (பாஸ்போர்ட்டில் ஆக்னெஸ்.) அவர் கட்சி வேறு. ஜானெட்டும் ஜெஸ்ஸியும் இரண்டு பெண்கள், ஜெஸ்ஸி சிறு வயதிலேயே டண்டீயில் இறந்துவிட்டாள், இந்தியாவுக்கு யாருமே போகவில்லை என்கிறார். தினமும் மாலை நாலரைக்கு ஃபோனில் வந்து, "யாரோ ஒருத்தி தலைமேல் கல் வைத்துவிட்டு வராதே" என்பார். முதல் நாலு நாளில் நாலு முறை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சர்ச் ஆபீஸ். கிளார்க் பழைய அடக்கப் பதிவேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். பிரித்ததும் மூன்று பேரும் தும்மினோம். நான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நூற்றெண்பத்து மூன்றாவது வரியில் அகப்பட்டது: ஜானெட், மில் இன்ஜினியர் மனைவி, வயது 29, குழி எண் 212. கணவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

"கரையானுங்க" என்றார் கிளார்க், தானே தின்றதுபோல வெட்கப்பட்டு.

பெக்கி கைகளைக் கோத்துக்கொண்டார். "இவள்தான்."

"வயது?" என்றேன். அவர்கள் குடும்ப பைபிளில் இறந்தபோது இருபத்தேழு என்று எழுதியிருக்கிறது. கல்யாணக் காகிதத்தில் ஜீன், இங்கே ஜானெட்; பெயர் இடிக்கிறது, வயது இடிக்கிறது, கணவர் பெயரைக் காணோம். மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாத ஆளுக்கு டைம் ஆபீஸில் சம்பளக் கவர் கொடுக்க மாட்டோம். இதை அவரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. சொன்ன முறை கடுமையாகிவிட்டதோ என்று வீடு வரும்வரை கவலைப்பட்டேன்.

கல்லறைத் தோட்டத்தையும் பார்த்தோம். எண் பலகை ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஊரில் கல்லறைகளுக்கு நடுவே புல்லைக் கத்தரித்துக் கம்பளம்போல வைத்திருப்பார்கள். இங்கே முழங்கால் உயரம் பார்த்தீனியம். பார்த்துக்கொள்ளும் ரோசம்மா பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போனவர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட கிளார்க், "உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய கல்லறையில ஜெஸ்ஸின்னு பேரு பாத்த ஞாபகமுங்க" என்றார்.

புதன்கிழமை வேனுக்கு வேறு சவாரி இருந்தது. பெக்கி ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைக்குப் போக வேண்டும் என்றார். கடைக்காரர் நாற்பத்தாறு புடவை பிரித்துப் போட்டார். இவர் ஒரு கைக்குட்டை வாங்கினார். கடைக்காரர் அதற்கும் சிரித்த முகமாக, "அடுத்த தடவ வாரப்ப சீலை எடுங்க அம்மணி" என்று காப்பி வரவழைத்துக் கொடுத்தார். டண்டீயில் ஒரு கடையில் நான் ஐந்து சட்டைகளைப் பிரித்துப் பார்த்ததற்கு, மகன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

வியாழக்கிழமை உடுமலை. போக இரண்டு மணி இருபது நிமிடம். கல்லறையில் ஜெஸ்ஸி இருந்தார், நன்றாகவே எழுதியிருந்தது: ஜெஸ்ஸி ஞானசௌந்தரி, ஆசிரியை, வயது எண்பத்தொன்று. பெக்கி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பூவில் பாதியை எடுத்து அங்கேயே வைத்தார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்றார்.

திரும்பும்போது பொள்ளாச்சிக்கு முன்னால், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பான இடத்தில், வேனின் ஃபேன் பெல்ட் அறுந்தது. மெக்கானிக் வர ஒரு மணி ஐம்பது நிமிடம். ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்தோம். தேங்காய் லாரிகள் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாலு.

அங்கேதான் பழனிச்சாமி அந்தக் கதையை எடுத்தார். "சார், உங்க சம்பந்தியம்மாவுக்கு என்னையச் சாவடிச்ச கதையச் சொன்னீங்களா?"

"இப்ப எதுக்கு அது?"

"பேரு மாறிப்போற கதைதானுங்களே? நீங்க இங்கிலீசுல சொல்லுங்க, நான் தமிழ்ல சொல்றேன்."

இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய விஷயம். ஒரு நாள் காலை ஷிப்டில், ஸ்பின்னிங் பிரிவில் ஆர். பழனிச்சாமி மாரடைப்பில் விழுந்து இறந்துவிட்டார். ஊர் கருமத்தம்பட்டி. வீட்டுக்குத் தகவல் சொல்ல நானே மோட்டார் சைக்கிளில் போனேன். டோக்கன் நம்பரைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஆளைத் தெரியுமே என்ற நினைப்பு. ஊர்முனையில், "மில்லுக்குப் போற பழனிச்சாமி ஊடு எதுங்க?" என்று கேட்டேன். நாலு பேர் கை காட்டினார்கள், நாலு கையும் ஒரே வீட்டைக் காட்டின. அந்த வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

"அது எங்கூடுங்க" என்றார் பழனிச்சாமி, பெக்கியைப் பார்த்து. "எனக்கு வேற பிரிவுங்க, மில்லுல நடந்தது ஒண்ணுந் தெரியாது. ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சு தூக்குப்போசியோட வாரேன், எங்கூட்டு முன்னால சாமியானாவுக்குக் குழி நோண்டறாங்க. ஆருக்குங்க இதுன்னு நானே கேட்டனுங்க! குழி நோண்டுனவன் கம்பியப் போட்டுட்டு ஓடுனான் பாருங்க, அவிநாசி வரைக்கும் நிக்கலைங்க."

பெக்கி சிரித்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே, அடுத்தது வரப்போகிறதே என்று இளநீர்க் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செத்தது என்ற மாமன் மகனுங்க. அவனும் ஆர். பழனிச்சாமி. எங்க தாத்தன் பேரு ரெண்டு பேருக்கும். எங்கம்மா அவருக்கு மக, பெத்த அப்பன் பேர வாய்நெறையக் கூப்புடுவா. அவங்கம்மா மருமக. மாமனார் பேரச் சொல்ல முடியுங்களா? அதனால அவன ராசுன்னுதான் கூப்பிட்டாங்க. ஊருக்கே அவன் ராசு. பழனிச்சாமின்னு மில்லுப் பொஸ்தகத்துல மட்டுந்தானுங்க."

அவர் தன் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்தார். "ராசு சம்சாரம் சேதி கேட்டு எங்கூட்டுக்கு ஓடியாந்து, என்ற சம்சாரத்தக் கட்டிப்புடிச்சு, அழுவாத கண்ணு, நான் இருக்கறேன்னு மூணு மணி நேரம் ஆறுதல் சொல்லிட்டிருந்துச்சுங்க. நான் உசுரோட வாரதப் பாத்துச் சாமியக் கும்புட்டுச்சுங்க. அப்புறந்தானுங்க மறுபடி ஆளு வந்து சொன்னாங்க."

இதை மொழிபெயர்க்க எனக்கு நேரமானது. முடித்ததும் பெக்கி பழனிச்சாமியின் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, "நான்சிக்கு அதுதான் பயம்" என்றார். "எனக்கும்தான். அதனால்தான் செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்னதற்கு நான் கோபப்படவில்லை."

மெக்கானிக் வந்து ஒன்பது நிமிடத்தில் பெல்ட்டை மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்குக் கல்லறைத் தோட்டம். ரோசம்மா வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் அரிவாள், புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் எங்க இருக்குதுங்க?" என்றேன்.

"நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆரைத் தேடறீங்க?"

"வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க. மில் இன்ஜினியர் சம்சாரம். ஜானெட்னு பேரு."

"ஜானெட்டுன்னு இங்க ஆரும் இல்லீங்களே." யோசித்தார். "பாய்லர் தொரை சம்சாரம் ஒருத்தங்க இருக்கறாங்க. அந்த அரளிச் செடிக்குப் பக்கத்தால. எங்கத்தை பேருக்காரங்க."

"உங்க அத்தை பேரு என்னங்க?"

ரோசம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "அதை நான் எப்பிடீங்க சொல்லுவேன்?"

என்ன சொல்கிறார் என்று பெக்கி கேட்டார். மாமியார் பெயரைச் சொல்ல மாட்டார் என்றேன். மறந்துவிட்டாரா? இல்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமியார் இங்கேதான் இருக்கிறாரா? ஆமாம், மூன்றாவது வரிசையில், பத்தொன்பது வருடமாக.

"செத்துட்டா மட்டும் மாமியா இல்லாம போயிருவாங்களாங்க?" என்றார் ரோசம்மா. "நீங்க பேரச் சொல்லுங்க, நான் தலையாட்டறேன்."

அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நான் எடுத்துக்கொடுத்து அவர் தலையாட்டினால் அது சாட்சியாகாது. இப்படி நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பழனிச்சாமிக்கு யோசனை வந்தது. "அம்மணி, பழைய ரேசன் கார்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

வாசலையொட்டித்தான் ரோசம்மா வீடு. பிளாஸ்டிக் கவரில் போட்ட பழைய கார்டு ஒன்றைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினார். குடும்பத் தலைவர் பெயருக்குக் கீழே இரண்டாவது வரி: ஜெஸ்ஸி.

பெக்கிக்குப் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, "உடுமலையிலும் ஒரு ஜெஸ்ஸி இருந்தார்" என்றும் சொன்னேன்.

"இன்னுமாங்க சார்?" என்று பழனிச்சாமி தலையில் கை வைத்தார்.

நான் விடவில்லை. அந்தப் பெயர் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ரோசம்மாவைக் கேட்டேன்.

"எங்கத்தையோட அம்மா, பாய்லர் தொரை பங்களாவுல ஆயா வேல பாத்தவங்க. அந்தம்மா காய்ச்சல்ல போனப்ப எங்கத்தை வயித்துல இருந்தாங்களாமா. பொறந்ததும் அந்தப் பேரையே வெச்சுப்போட்டாங்க. தொரை அந்தப் பேரச் சொல்லித்தான் சம்சாரத்தக் கூப்புடுவாராமா. கல்லறைத் திருநாளன்னிக்கு எங்கத்தைக்கு ஒரு மெழுகுவத்தி, இவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி. நான் கல்யாணமாயி வந்ததுலருந்து வெக்கிறேனுங்க."

"அத்தைக்குக் கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. சின்னத்தை பேரு சொல்லலாமுங்க, தப்பில்ல. அதுவும் அந்தம்மா பேச்சுலருந்து எடுத்ததுதானுங்க. ஊருல என்ற தங்கச்சி இருக்கறா, அவளப் பாக்கோணும் பாக்கோணும்னு சொல்லிட்டே இருப்பாங்களாமா. அந்தத் தங்கச்சி பேரு. பெல்லா."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. பெக்கி பக்கத்திலிருந்த திட்டில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த உறை நழுவிப் புல்லில் விழுந்தது. "பெல்லா என்றா சொன்னார்? பெல்லாவா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ரோசம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பழனிச்சாமி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சார், இந்தத் தடவ சரியான ஊட்டுக்குத்தான் வந்திருக்கீங்க."

வயதில் இரண்டு வருடம் இன்னும் இடிக்கிறது.

மாலை நாலரைக்கு நான்சி ஃபோனில் வந்தார். பெக்கி எல்லாவற்றையும் சொன்னார். நான்சி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்கே பூச்செடி ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாராம். அரளி இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஆறுமுகத்தின் பட்டறை. பெக்கி ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்: ஜானெட். வீட்டில் ஜெஸ்ஸி. பெல்லாவின் அக்கா. எழுத்துக்கு நாற்பது ரூபாய் என்றார் ஆறுமுகம். நான் இருபது நிமிடம் பேசி முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தேன். எழுத்துகளை மூன்று முறை எண்ணினேன். பெக்கி பணத்தைக் கொடுத்தார்.

ஆறுமுகம் உளியை எடுத்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெக்கி டண்டீயில் இருப்பார். கல்லைப் பார்க்கப்போவது ரோசம்மா. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ராசு வீட்டை நான் கண்டுபிடிக்காமல் போனதும் புத்தகத்தில் இருந்த பெயரை மட்டும் கேட்டதால்தான்.

"கீழே தமிழ்ல ஒரு வரி போடுங்க" என்றேன். "ஜெஸ்ஸியம்மா."

"தமிழுக்குச் சுழி ஜாஸ்திங்க. எழுத்துக்கு அம்பது ஆகும்."

"சரி."

பழனிச்சாமி திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சார், உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

மாலை ஐந்து பத்துக்குக் கல் நின்றது. அரளிச் செடி நிழல் அதில் பாதியை மறைத்தது. ரோசம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது; உடனே கையால் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, கல்லுலயே எழுதிப்போட்டீங்களாங்க! இனி தெனமும் கூட்டறப்பெல்லாம் கண்ணுல படுமே."

"தப்பாங்க?" என்றேன். எனக்குக் கவலையாகிவிட்டது.

"படிச்சுக்கறேனுங்க. வாய்விட்டுச் சொல்லாட்டிப் போகுது." சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்து, எழுத்துகளுக்குள் தங்கியிருந்த கல்தூளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டு ஆறு எழுத்தையும் துடைத்தார்.

கல், இங்கிலீஷ் எழுத்து, வேன் வாடகை, ஃபேன் பெல்ட் எல்லாவற்றுக்கும் பெக்கிதான் கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை. அந்தத் தமிழ் வரிக்கு மட்டும் அவரைப் பணம் எடுக்க நான் விடவில்லை. ஆறு எழுத்து, எழுத்துக்கு ஐம்பது. ஆக மொத்தம் எனக்கு ஆனது முந்நூறு ரூபாய்.